110 கிராம் கஞ்சா, சிறைக்குப் பதில் சிகிச்சை: ஒரு சிறு அளவு வழக்கு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை

தென் மாவட்டம் ஒன்றில் சட்ட உதவி வழக்கறிஞராக இருக்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பட்டியலிலிருந்து வந்த ஒரு வழக்கைப் பற்றி இங்கே எழுதுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கி 2025 ஜூலையில் முடிந்தது. பையனும் அவன் அம்மாவும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதிதாக வரும் வழக்கறிஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "64ஏ போட்டால் விட்டுவிடுவார்களா?" என்பதுதான். போதைக்கு அடிமையானவர் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுக்கும் போதைப்பொருள் சட்டப் பிரிவுதான் 64ஏ. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பின்னணி

பையனுக்கு அப்போது 22 வயது. அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார், அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டு பெயிண்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முன் வழக்கு எதுவும் கிடையாது.

ஒரு சாயங்காலம் புறவழிச்சாலைப் பாலத்துக்கு அடியில் நின்றவனைப் பிடித்தார்கள். பையில் 14 பொட்டலம், மொத்தம் 110 கிராம் கஞ்சா. எஃப்.ஐ.ஆரில் பிரிவு 8(சி) உடன் இணைந்த 20(பி)(2)(ஏ), அதாவது சிறு அளவு கஞ்சா வழக்கு. "விற்பனை செய்யும் நோக்கத்துடன் வைத்திருந்ததாக" என்ற வழக்கமான வரியும் இருந்தது. இந்த வரியும் அந்த 14 பொட்டலமும் பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தின.

சட்டத்தில் உள்ள இரண்டு வழிகள்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே எடையை வைத்துத்தான். கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு அதே கணக்கு 5 கிராம், 250 கிராம். சிறு அளவு கஞ்சாவுக்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போதைப்பொருளை உட்கொண்டதற்கு மட்டும் என்றால் அது பிரிவு 27.

இந்த இரண்டு வகை வழக்கில் மாட்டியவர் போதைக்கு அடிமையானவராக இருந்தால் சட்டம் இரண்டு இடத்தில் வழி விடுகிறது. முதலாவது 64ஏ. தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையே கூடாது என்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரிவு 39. இது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை சொல்லும் கட்டத்தில் வருவது. வயது, நடத்தை, முன் வரலாறு, உடல்நிலை, மனநிலை இதையெல்லாம் பார்த்து, அவர் சம்மதத்தோடு, சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனைப் பற்றி அறிக்கை தர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் குற்றம் செய்ய மாட்டேன் என்று மூன்றாண்டுக்கு மிகாமல் ஒரு பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து விடலாம்.

64ஏ 1989-லேயே வந்துவிட்டது. சிறு அளவு வழக்குகளுக்கும் இந்த வழிகளைத் திறந்தது 2001 திருத்தம். 2001-இல் கொக்கைன் வழக்கில் சிக்கிய ஒரு இந்தி நடிகருக்கு 2012-இல் மும்பை சிறப்பு நீதிமன்றம் 64ஏ பாதுகாப்பைக் கொடுத்தது செய்தித்தாளில் வந்தது. எங்கள் நீதிமன்ற வளாகத்தில் பெயிண்டர், கொத்தனார், லோடுமேன் பையன்கள் யாருக்காவது அது கிடைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கோபமும் இந்த வழக்கை நான் விடாமல் பிடித்ததற்கு ஒரு காரணம்.

கிளைச் சிறையில் பார்த்தது

ரிமாண்ட் ஆன மூன்றாவது நாள்தான் அவனைப் பார்க்கப் போக முடிந்தது. கஞ்சா கேஸ் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி மேல் கொட்டாவி, வெயில் நேரத்தில் கையெல்லாம் மயிர்க்கூச்செடுத்திருக்கிறது, இரண்டு காலும் ஒரு இடத்தில் நிற்காமல் உதறிக்கொண்டே இருக்கின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினான். காய்ச்சல் என்று வார்டர் சொன்னார். பாரசிட்டமால் கொடுத்திருந்தார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் கஞ்சா விட்டவன் இப்படி இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். சட்டைக் கையை மடக்கச் சொன்னேன். முழங்கையின் உள்பக்கம் நரம்போடு வரிசையாகப் புள்ளிகள், ஒரு இடத்தில் கட்டியாகத் தடித்துப் போயிருந்தது.

"மாத்திரை போடுறியா?"

"ஆமா மேடம். ரெண்டு வருசமா."

வலிக்குக் கொடுக்கிற டேபென்டடால் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுவது. எங்கள் பக்கம் அதைத்தான் "மாத்திரை போடுறது" என்பார்கள். நாளுக்கு நாலைந்து மாத்திரை, கள்ள விலையில் வாங்க வேண்டும், பெயிண்டிங் கூலி அதற்குப் பற்றாது. கஞ்சாவைப் பொட்டலம் போட்டுக் கொடுத்தால் ஒருவன் மாத்திரை தருவான். கஞ்சாவையும் தினமும் பிடிப்பான், பதினாறு வயதிலிருந்து. 14 பொட்டலத்தின் கதை இதுதான்.

இங்கேதான் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. போதைக்கு அடிமையானவர் என்றால் சட்டப் பட்டியலில் உள்ள போதைப்பொருளையோ மனமயக்கப் பொருளையோ சார்ந்திருப்பவர் என்று அர்த்தம். டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை 2018 ஏப்ரலில் பட்டியலில் சேர்த்தார்கள். டேபென்டடால் இந்த வழக்கு நடந்த காலத்தில் பட்டியலில் இல்லை. ஆக, இவன் உயிரை உண்மையில் உருக்கிக்கொண்டிருந்த பொருள் இந்தச் சட்டத்தின் கண்ணில் போதைப்பொருளே இல்லை! மாத்திரைப் பழக்கத்தை மட்டும் காட்டி அடிமை என்று நிறுவப் பார்த்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கஞ்சாச் சார்பையும் தனியாக மருத்துவ ரீதியில் காட்டியாக வேண்டும்.

கைது அன்று எடுத்த மருத்துவச் சான்றை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம். வெளிக்காயம் இல்லை, நல்ல நிலையில் உள்ளார், ரிமாண்டுக்குத் தகுதியானவர். அவ்வளவுதான். கைச் சட்டையை யாரும் மடக்கிப் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. ராத்திரி அவசரப் பிரிவில் வரிசையாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே போலீஸ் கொண்டுவரும் ஆளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். ஆனால் அந்த ஐந்து நிமிடத் தாள் எட்டு மாதம் கழித்து எங்களுக்கு எதிராக வாசிக்கப்பட்டது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதா?

சிறு அளவு வழக்கில் ஜாமீனுக்கு பிரிவு 37-இன் கடுமையான தடை கிடையாது. 19 நாளில் வெளியே வந்தான். காலை 10:30-க்கு ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து என்பது நிபந்தனை.

வெளியே வந்ததும் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: ஒத்துக்கொள், அபராதம் கட்டு, போய்க்கொண்டே இரு. ஐந்தாயிரமோ பத்தாயிரமோ போகும், ஒரே வாய்தாவில் முடியும். அம்மாவுக்கும் அதுதான் ஆசை. "வக்கீலம்மா, கோர்ட்டு வாசப்படி ஏற எனக்குத் தெம்பு இல்ல, கட்டிட்டுப் போயிருதோம்" என்றார். ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் ஒரு நாள் பீடிக் கூலி போயிற்று. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

நான் வேண்டாம் என்றேன். ஏனென்றால் அபராதம் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். அடுத்த முறை இதே சட்டத்தில் தண்டனை பெற்றால் பிரிவு 31-படி அதிகபட்ச தண்டனை ஒன்றரை மடங்கு வரை போகும். அவன் அடுத்த முறையும் மாட்டுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் மாத்திரை அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று வழக்கு சேர்ந்தால் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், அதாவது குண்டர் சட்டம், போதைப்பொருள் குற்றவாளி என்ற தலைப்பில் 12 மாதம் தடுப்புக்காவலில் வைக்க இடம் கொடுக்கிறது. இந்தப் பாதையில் போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வழக்கில் யாரும் ஊசித் தழும்பைப் பார்க்கவில்லை என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான விஷயம்.

ஒரு மணி நேரம் பேசிய பிறகு அம்மா ஒப்புக்கொண்டார். சிகிச்சை, அப்புறம் 64ஏ மனு என்று முடிவு செய்தோம்.

நான் செய்த தவறு

"முதலில் அவனைச் சிகிச்சையில் சேருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு கொலை வழக்கு விசாரணையில் மூழ்கிவிட்டேன்.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாதம் 15,000 ரூபாய். அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினார். ஸ்டேஷன் கையெழுத்துக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினோராவது நாள் ராத்திரி பையன் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டான். கெண்டைக்காலில் பிரம்புத் தடம் கறுத்துக் கிடந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை, காலையில் உடற்பயிற்சி, ராத்திரி ஜெபம், முரண்டு பிடித்தால் அடி. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையம்தானா என்று விசாரித்தேன். இல்லை.

அந்த மையத்தின் சான்று நீதிமன்றத்தில் குப்பைத் தாளுக்குச் சமம். அரசு அங்கீகாரம் என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. அது போதாதென்று கையெழுத்து 11 நாள் விட்டுப்போனதால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வந்தது. அதைச் சமாளிக்க இரண்டு வாய்தா ஆயிற்று, சிகிச்சையில் இருக்கும் காலத்தில் கையெழுத்து வேண்டாம் என்று நிபந்தனையை மாற்றி வாங்க இன்னொரு வாய்தா. ஒரு துண்டுத் தாளில் "அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு, காலை 8 மணி, ஓ.பி." என்று எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. கம்மல் இன்றும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அது என் கணக்கில் உள்ள கடன்.

அரசு மருத்துவமனையில்

2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். இங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், மனநல மருத்துவரை நேரில் போய்ப் பார்த்ததுதான். அவரிடம் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதச் சொல்லவில்லை. சட்டத்தில் 'சார்பு' என்ற சொல் இருக்கிறது, 'பழக்கம் உண்டு' என்று எழுதினால் போதாது, அவனுக்கு உண்மையில் எந்தெந்தப் பொருளில் சார்பு இருக்கிறதோ ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் முக்கால் மணி நேரம் அவனோடு உட்கார்ந்தார். கஞ்சாச் சார்பு, ஓபியாய்டுச் சார்பு (டேபென்டடால் போன்ற அபின் வகை வலி மருந்துகளுக்கு அடிமை) என்று இரண்டையும், எந்த அறிகுறியால் அப்படிச் சொல்கிறார் என்பதையும், எவ்வளவு காலமாக என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் சி இருந்தது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டதால் வந்தது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அதற்கு மருந்து இலவசம், 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். இவனுக்கும் குணமாயிற்று. அபராதம் கட்டிவிட்டுப் போயிருந்தால் கல்லீரல் கெட்டு வயிறு வீங்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

ஊசிப் பழக்கத்துக்கு மாற்று மருந்தாகப் புப்ரினார்பின் தொடங்கினார்கள். தினமும் காலையில் மையத்துக்குப் போக வேண்டும். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார், கரையும்வரை வாயைத் திறக்காமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் போன் செய்தால் எடுத்து "ம்ம்" என்று மட்டும் சொல்வான், பத்து நிமிடம் கழித்துத் திருப்பி அழைப்பான். நாலு வாரத்தில் முகத்தில் சதை பிடித்தது. ஜனவரிக் கடைசியில் பாதி நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

64ஏ மனு

பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை, மார்ச்சில் எங்கள் மனு. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் சிறப்பு நீதிமன்றம், அதனால் இது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலேயே நடந்தது.

அரசுத் தரப்பு நாலு ஆட்சேபம் சொன்னது. முதலாவது, பிடிபட்ட பிறகு போவது எப்படித் தன்விருப்பம் ஆகும்? குற்றம் சாட்டப்பட்ட அடிமைக்கு என்றே அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது, பிடிபட்ட பிறகு போவதைச் சட்டமே எதிர்பார்க்கிறது என்று பதில் சொன்னேன், நடுவர் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது, கைது அன்றைய சான்றில் நல்ல நிலை என்று இருக்கிறதே. மனநல மருத்துவர் அறிக்கையை வைத்து அதையும் ஓரளவு கடந்தோம். மூன்றாவது, 14 பொட்டலம், இவன் விற்பவன். நான்காவது, இன்னும் தினமும் மாத்திரை வாங்குகிறானே, சிகிச்சை எங்கே முடிந்தது? போதாக்குறைக்கு அந்த மாத்திரையே சட்டப் பட்டியலில் உள்ள மனமயக்கப் பொருள்தானே?

கடைசிக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. புப்ரினார்பின் பட்டியலில் இருப்பது உண்மை. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அரசு மையத்தில், செவிலியர் கண் முன்னால் எடுப்பது சட்டப்படியான மருத்துவப் பயன்பாடு என்று வாயால் சொன்னேன். அதை மருத்துவரின் எழுத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும். மாற்று மருந்துச் சிகிச்சை பல மாதம், சிலருக்குப் பல ஆண்டு நடக்கும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதைப் போல அது தொடர்வதே சிகிச்சை ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம் என்று ஒரு பத்தி அறிக்கையில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

ஜூனில் மனு தள்ளுபடி ஆனது. பொட்டலங்கள் விற்பனையைக் காட்டுகின்றன, சிகிச்சையும் முடியவில்லை என்று இரண்டு காரணம். முதல் காரணம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 64ஏ கேட்பது இரண்டே கேள்வி: இவர் அடிமையா, பொருள் சிறு அளவா. தன் மாத்திரைக்காக விற்கிறவன் அடிமை இல்லை என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

39-க்குப் போன முடிவு

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. எனக்குப் போக ஆசை. நல்ல சட்டப் பிரச்சினை, ஒரு தீர்ப்பு வாங்கினால் எத்தனையோ பேருக்கு உதவும். ஆனால் அந்த ஆசை என்னுடையது, வழக்கு அவனுடையது. வழக்கு எத்தனை மாதம் இழுக்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தைய இரவும் அவன் தூங்குவதில்லை, தூங்காத இரவுக்கு மறுநாள்தான் பழைய ஆட்களின் போன் நம்பர் ஞாபகம் வருகிறது என்று அவனே மருத்துவரிடம் சொல்லியிருந்தான்.

அதனால் பிரிவு 39-ஐ விளக்கினேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஒத்துக்கிட்டா நான் குற்றவாளியா மேடம்?"

"ஆமா. ஜெயில் இருக்காது. ஆனா குற்றவாளின்னு தீர்ப்பு ரெக்கார்டுல இருக்கும்."

இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பிறகு சரி என்றான்.

இதில் ஆபத்து உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு நீதிமன்றம் 39-ஐக் கொடுக்க மறுத்தால் ஓராண்டு வரை உள்ளே போக வேண்டியிருக்கும், கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன்பே எல்லாத் தாளையும் கோப்பில் சேர்த்தோம்: மருத்துவரின் புதிய அறிக்கை (இந்த முறை மாற்று மருந்து விளக்கத்தோடு), மையத்தின் வருகைப் பதிவு நகல், பையனின் எழுத்துமூலச் சம்மதம், பெயிண்டிங் மேஸ்திரியின் கடிதம். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டு மனு போட்டோம். அவர் வீட்டுக்கே போய், அம்மா பீடி சுற்றும் திண்ணையில் உட்கார்ந்து பேசி, நாலு பக்கம் எழுதினார். வருகைப் பதிவில் 190 நாளுக்கு 181 கையெழுத்து இருந்தது. நடுவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வாதத்தை விட அந்த 181 கையெழுத்துதான் வேலை செய்தது.

2023 ஜூலையில் உத்தரவு. பிரிவு 39(1), ஓராண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை, அம்மா பிணை.

ஐந்தாவது மாதம்

டிசம்பரில் அவனோடு ஊசி போட்ட ஒரு பையன் இறந்துபோனான். சாவு வீட்டுக்குப் போனவன் ஒரு வாரம் மையத்துக்கு வரவில்லை. மூன்று முறை மாத்திரை போட்டிருக்கிறான்.

எட்டாவது நாள் அம்மாவே மையத்துக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, இதை அறிக்கையில் எழுதத்தான் போகிறேன் என்றார். எழுத வேண்டாம் என்று கேட்க எனக்கு மனம் துடித்தது, கேட்கவில்லை. மறைத்து ஒரு அறிக்கை போய் அது பின்னால் வெளியே வந்தால் மற்ற எல்லா அறிக்கையும் செத்துவிடும். மருத்துவர் நடந்ததை எழுதினார். கூடவே, இது இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியது, எட்டே நாளில் திரும்பி வந்தது நல்ல அறிகுறி, மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறேன் என்றும் எழுதினார்.

அரசுத் தரப்பு தண்டனை கொடுக்கச் சொன்னது. 39-இன் நிபந்தனை இந்தச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றம் எதையும் செய்யாமல் இருப்பது, டேபென்டடால் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்று வாதிட்டேன். முன்பு எங்களுக்கு எதிராக இருந்த அதே ஓட்டை இங்கே எங்களைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஹெராயின் போட்டிருந்தால் அதே பையன், அதே துக்கம், அதே எட்டு நாள், சிறைக்குப் போயிருக்கக் கூடும்.

நடுவர் அவனை முன்னால் கூப்பிட்டு, "ஏன் திரும்பி வந்தே?" என்று கேட்டார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. அவன் அழுதான், பதில் சொல்லவில்லை. சிகிச்சை தொடரட்டும் என்று வாய்தா போட்டார்.

முடிவு

2024 ஜூலையில் இறுதி அறிக்கை. ஊசி இல்லை, கஞ்சா இல்லை, ஹெபடைடிஸ் சி குணம், மாற்று மருந்து குறைந்த அளவில் தொடர்கிறது, முழுநாள் வேலை. 39(2)-இன்படி எச்சரித்து, ஓராண்டுப் பிணைமுறி. 2025 ஜூலையில் அதுவும் முடிந்தது. அதற்குள் அவன் மேல் வேறு வழக்கு இல்லை.

இழப்பும் உண்டு. போலீஸ் சான்று கேட்கும் வேலைக்கு மனு போட்டால் இந்தத் தீர்ப்பு கேள்வியாக வரும். வளைகுடாவுக்குப் போக நினைத்தான், அது இப்போதைக்கு நின்றிருக்கிறது. 64ஏ கிடைத்திருந்தால் இந்தச் சுமை இருந்திருக்காது.

இப்போது மாற்றிச் செய்வது

ரிமாண்ட் அன்றே கையை மடக்கிப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே நடுவரிடம், மனநல மருத்துவரைக் கொண்டு சார்பு உண்டா என்று பரிசோதிக்க உத்தரவு கேட்டு ஒரு பக்க மனு. பல நேரம் கொடுக்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. உள்ளே போன முதல் மூன்று நாள் உடம்பு காட்டுகிற சாட்சியம் அப்புறம் எப்போதும் கிடைக்காது. சிறையிலிருக்கும்போதே அந்த வலிக்கு மருந்தும் கிடைக்கிறது, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜாமீன் மனுவிலேயே, சிகிச்சை நாட்களில் ஸ்டேஷனுக்குப் பதிலாக மையத்தின் வருகைப் பதிவே போதும் என்று நிபந்தனை கேட்கிறேன். 64ஏ மனுவைக் குற்றப்பத்திரிகைக்குப் பிறகு இழுக்காமல் சிகிச்சை நிலைத்தவுடனே போடுகிறேன், அதில் உடனே பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்பதோடு, கொடுக்க மனமில்லை என்றால் சிகிச்சை முடியும்வரை மனுவை நிலுவையில் வையுங்கள் என்றும் சேர்த்துக் கேட்கிறேன். போன முறை அப்படிக் கேட்டிருந்தால் "சிகிச்சை முடியவில்லை" என்பது தள்ளுபடிக்குக் காரணமாகாமல் தள்ளிவைக்கக் காரணமாகியிருக்கும். மாற்று மருந்து என்றால் என்ன என்ற பத்தி இல்லாமல் எந்த மருத்துவ அறிக்கையையும் தாக்கல் செய்வதில்லை.

அப்புறம் அந்தத் துண்டுத் தாள். மருத்துவமனை பெயர், பிரிவு, நேரம், 14446 என்ற தேசிய உதவி எண், அரசு அங்கீகாரம் இல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. நூறு பிரதி எடுத்து கைப்பையில் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு அம்மா நீதிமன்ற வாசலில் வந்து இன்னொரு பிரதி கேட்டார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேண்டும் என்று. கூட இந்தப் பையனின் அம்மாவும் நின்றிருந்தார்.